ஏரித் தண்ணீர் எப்படி இருக்கு? பாக்டீரியாவைக் கேட்கலாமா!

கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன கவலை இது. ஏரியில் சாக்கடை கலக்கிறது, தொழிற்சாலைக் கழிவும் வந்து சேர்கிறது என்று மக்கள் போராடி, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆனால், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்தச் சோதனையை ஒரு பாக்டீரியாவே செய்து காட்டினால்?

2006-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் இதைத்தான் முயன்றார்கள். வங்கதேசத்தில் குழாய்க்கிணற்று நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது பெரிய பிரச்னை. ஆர்சனிக் பட்டால் நீரின் அமிலத்தன்மையை மாற்றும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுக்களை அவர்கள் அமைத்தார்கள். அமிலத்தன்மை மாறினால் நிறம் மாறும் சாயத்தைச் சேர்த்துவிட்டால், நஞ்சைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இதற்குப் பெயர்தான் சின்தெடிக் பயாலஜி, தமிழில் செயற்கை உயிரியல். ஓர் உயிரணுவின் டி.என்.ஏ-வை சமையல் குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் புதிதாக ஒரு குறிப்பை எழுதிச் சேர்த்தால், அந்த உயிரணு புதுப் பண்டம் சமைக்கும். இப்படி பாக்டீரியா தயாரித்த மனித இன்சுலின் 1982-லேயே மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.

மாணவர்களின் திருவிழா

எடின்பரோ மாணவர்கள் இதைச் செய்தது ‘ஐஜெம்’ என்ற சர்வதேசப் போட்டிக்காக. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் 2003-ல் ஒரு சிறு வகுப்பாகத் தொடங்கி, 2004-ல் ஐந்து அணிகளோடு போட்டியானது. இப்போது ஆண்டுக்கு 300-க்கும் மேற்பட்ட அணிகள் வருகின்றன. பள்ளி மாணவர்களும் கலந்துகொள்ளலாம். லேபில் ஜெயித்தால் மட்டும் போதாது. மக்களிடம் போய் விளக்கினார்களா, அவர்கள் சொன்னதைக் கேட்டார்களா என்பதையும் நடுவர்கள் பார்க்கிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி., ஸ்ரீபெரும்புதூர் ஸ்ரீவெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி மாணவர்களும் இதில் பங்கேற்றிருக்கிறார்கள். ஐ.ஐ.டி. அணி முன்னெடுத்த மொழித் திட்டம் முக்கியமானது. போட்டியாளர்களாக இருந்த அணிகளே கைகோத்து, இந்த அறிவியலை அவரவர் தாய்மொழியில் வீடியோக்களாக விளக்கின.

தாய்மொழியில் ஏன்?

காரணம் நம் தட்டிலேயே இருக்கிறது. கத்திரிக்காய்! மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காயை அனுமதிக்கலாமா என்று 2010-ல் மத்திய அரசு ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அந்த ரகங்களின் உருவாக்கத்தில் பங்கேற்றிருந்தது. ஆனால், அந்த ஏழில் தமிழக ஊர் ஒன்றுகூட இல்லை. கடைசியில் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. அந்த முடிவு சரியா, தவறா என்பது வேறு விவாதம். நாளைக்கு நம்மிடமே வந்து கேட்டால், பதில் சொல்ல விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே! தெரியாவிட்டால் வீண் பயமோ, குருட்டு நம்பிக்கையோதான் மிஞ்சும்.

‘அப்படியானால் அந்த பாக்டீரியாவை ஏரியில் விட்டுவிடலாமா?’ என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். கூடவே கூடாது. மரபணு மாற்றிய உயிர்களை வெளியில் விட, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழுள்ள மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். சோதனையெல்லாம் மூடிய குப்பிக்குள்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம்

ஆர்வமுள்ள பிள்ளைகள் ஒரு வாழைப்பழத்தில் தொடங்கலாம். பழத்தை நன்றாக மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த நீரில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். அதன்மேல் நன்கு குளிரவைத்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை மெதுவாக ஊற்றுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை நூல்போல மிதந்து வருவதுதான் பழத்தின் டி.என்.ஏ. ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கம் வேண்டாம். பெரியவர்கள் உடனிருக்க வேண்டும்.

பிள்ளைகள் செய்து பார்த்ததும், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அதைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புரிந்துவிட்டால், பிள்ளைக்கும் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்!