லண்டனில் வீடு வாங்கும் பிள்ளைகளும் ஊரில் உள்ள பத்திரமும்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ லண்டனில் இருக்கிறார்கள். வேலை நிலைத்து, குழந்தையும் பிறந்துவிட்டால் அடுத்த பேச்சு வீடுதான். "ஈஸ்ட் ஹாம் பக்கம் பார்க்கிறோம்" என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. அஞ்சல் குறியீட்டில் ஈ-6 என்று வரும் இப்பகுதி, கிழக்கு லண்டனில் நியூஹாமைச் சேர்ந்தது. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். அடுத்துள்ள மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது.

பெரும்பாலும் டெரஸ் வீடுகள். மொட்டை மாடி என்று எண்ண வேண்டாம். சுவரோடு சுவர் ஒட்டி, நூறு வருஷத்துக்கு முன் வரிசையாகக் கட்டிய சிறு மாடி வீடுகளுக்கு அங்கே அந்தப் பெயர். மலிவான பகுதி என்ற பழைய பெயர் இப்போது பொருந்தாது. 2012 ஒலிம்பிக்ஸ் பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்தது. 2022-ல் மேனர் பார்க்குக்கு எலிசபெத் லைன் ரயில் வந்தது.

கணக்குக்கு ஒரு வீட்டின் விலை 4,50,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வங்கிகள் பொதுவாக ஆண்டு வருமானத்தைப் போல நாலரை மடங்கு வரை கடன் தரும். கணவன் மனைவி இருவரும் தலைக்கு 40,000 பவுண்டு சம்பாதித்தால் கடன் 3,60,000. மீதி 90,000 கையில் இருக்க வேண்டும். 2021 டிசம்பர் வரை 0.1 சதவீதமாக இருந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி, 2023 ஆகஸ்டில் 5.25 ஆயிற்று. பிறகு குறைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதெல்லாம் பிள்ளைகளே அறிந்தது. பெற்றோராகிய நாம் அறிய வேண்டியது முத்திரைத்தீர்வை.

2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதன்முறை வீடு வாங்குபவர் இந்த வீட்டுக்குக் கட்டுவது 7,500 பவுண்டு. ஆனால் "முதன்முறை" என்றால் உலகில் எங்குமே வீடு வைத்திருக்கக் கூடாது. தாம்பரத்தில் நாம் ஆசையாகப் பிள்ளை பெயரில் வாங்கிய ஃப்ளாட்டும் கணக்கில் சேரும். எப்போதோ விற்றிருந்தால்கூடச் சலுகை போய்விடும், தீர்வை 12,500. விற்காமல், அதில் பிள்ளையின் பங்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ பெறுமானால் இரண்டாவது வீடு என்று கூடுதல் 5 சதவீதம் விழும். மொத்தம் 35,000. வித்தியாசம் மட்டும் முப்பது லட்ச ரூபாய்க்கு மேல்! ஃப்ளாட் மருமகள் பெயரில் இருந்தாலும் இதே கதிதான். சேர்ந்து வாழும் தம்பதியை அந்தச் சட்டம் ஒன்றாகவே பார்க்கிறது.

உதவி செய்கிறோம் என்று லண்டன் பத்திரத்தில் தகப்பனார் பெயரையும் சேர்ப்பது இன்னும் மோசம். அவருக்கு இங்கே சொந்த வீடு இருக்கும். அங்கே வசிக்காதவர் என்பதால் மேலும் 2 சதவீதம். தீர்வை 44,000 ஆகிவிடும். பணத்தை அன்பளிப்பாக அனுப்புவதே மேல் என்பது என் கருத்து. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். பணம் எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள வக்கீல் கேட்பார். வங்கிக் கணக்குத் தாள்களை எடுத்து வைத்திருங்கள்.

ஊர் ஃப்ளாட்டை விற்பதானால், லண்டன் வீடு கைமாறும் நாளுக்கு முன்பே கிரயம் முடிந்திருக்க வேண்டும். பிள்ளை அதில் குடியிருந்ததே இல்லை என்றால், பின்னால் விற்றுக் காட்டிக் கூடுதல் தீர்வையைத் திரும்பப் பெற முடியாது.