மலைமுகட்டில் ஒரு செவி

பதுளை நோக்கிச் செல்லும் புகைவண்டி தெமோதரையில் ஒரு விந்தை புரிகிறது. நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துட் புகுந்து வெளிப்படுகிறது. 1924ஆம் ஆண்டு பதுளை வரை நீண்ட இவ்வொற்றைத் தண்டவாளப் பாதையில், அடுத்த நிலையம் வரை வழி வெறுமையாக உள்ளது என்பதற்கு அடையாளமான வளையத்தைக் கையிற் பெறாமற் சாரதி நகர்வதில்லை என்பது நெடுநாள் முறை. வண்டி எங்கே நிற்கிறது என்ற வினாவுக்கு ஐயமற்ற விடை இல்லையேல் உயிருக்குக் காவல் இல்லை என்பதை மலைநாடு நன்கறியும்.

வானத்திலும் வினா அதுவே. அதற்குத் தவறான விடை கண்டதன் விலையையும் இம்மலைநாடு கண்டிருக்கிறது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு சுரபாயாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த மார்ட்டினெயர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமான நிலையமோ அங்கிருந்து 70 கிலோமீற்றருக்கு மேல் அப்பால் இருந்தது. நிலையத்தை அண்மிவிட்டதாக எண்ணியே விமானிகள் தாழ இறங்கினர். இயந்திரம் பழுதடையவில்லை, இடந்தான் பிழைத்தது.

இன்றைய விமானம் 20,000 கிலோமீற்றருக்கும் மேலே சுற்றும் ஜீ.பி.எஸ். செயற்கைக் கோள்களின் அலைகளைக் கேட்டுத் தன் இடத்தைக் கணிக்கிறது. கணித்ததைத் தன்னுள் வைத்துக்கொள்வதுமில்லை. தன் அடையாள எண், உயரம், வேகம், இருப்பிடம் ஆகியவற்றை 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் எல்லோரும் கேட்க ஓயாது கூவிக்கொண்டே பறக்கிறது. ஏ.டி.எஸ்.-பி. என்பது இம்முறையின் பெயர்.

இக்கூவலைக் கேட்கும் கருவியை நம் தோட்டத்து இளைஞரும் செய்துகொள்ளலாம். தொலைக்காட்சி அலைகளைக் கணினியிற் பெறுவதற்கென விற்கப்பட்ட விரலளவுச் சிறு யூ.எஸ்.பி. கருவி, வேறு பல அலைகளையும் கேட்க வல்லது என்பது 2012ஆம் ஆண்டளவிற் பரவலாகத் தெரியவந்தது. அத்துடன் ஒரு கணினியும், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளும், ஓர் அன்டெனாவும் போதும். இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 27.5 சென்ரிமீற்றர், அதில் நாலில் ஒரு பங்காகிய 6.9 சென்ரிமீற்றர் நீளச் செப்புக்கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் அதே நீளமுள்ள நான்கு கம்பிகளைக் குடைபோற் சரித்துப் பொருத்தினால் அன்டெனா ஆயிற்று. இது கேட்குமேயன்றிப் பேசாது. ஆதலால் விமானத்துக்கு இடையூறு இல்லை.

ஆனால் மலை சும்மா விடுமா? இவ்வலை பார்வையைப் போல் நேர்கோட்டிற் செல்வது. தடையற்ற வெளியில் 10,000 மீற்றர் உயரத்திற் பறக்கும் விமானத்தை 400 கிலோமீற்றர் தொலைவிலிருந்தும் கேட்கலாம். பள்ளத்து லயத்தின் கூரையிலோ, நமுனுகுல மலை மறைக்கும் திசையில் வானம் ஊமையாகிவிடும். முகட்டில் வைக்கும் செவிக்கே பயன் அதிகம்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். விமானம் சொல்வது அது நம்பும் இடத்தையே; நம்பிக்கை பிழையானால் கூவலும் பிழையே. 1974இல் இத்தகைய ஏற்பாடு இருந்து, அன்றைய கணிப்பையே அது ஒலிபரப்பியிருந்தால், தவறு உரக்க ஒலித்திருக்குமேயன்றித் திருந்தியிராது. இன்றும் ஜீ.பி.எஸ். அலைகளைக் குழப்பிப் பொய்யிடம் காட்டுவோர் உளர். 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி மலேசிய விமானம் எம்.எச்.370இன் கூவல் நடுவழியில் நின்றபோது, கேட்கும் செவிகளால் ஆவதொன்றும் இருக்கவில்லை.

பொய்யைக் கண்டுபிடிக்க வழியுண்டு. வெவ்வேறு இடங்களிலுள்ள நான்கு கருவிகள் ஒரே கூவலைக் கேட்டால், அது ஒவ்வொன்றையும் வந்தடைந்த நேர வேறுபாட்டிலிருந்து விமானத்தின் உண்மை இடத்தைக் கணக்கிடலாம். ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் அலை 300 மீற்றர் செல்கிறது. அத்துணை நுண்ணிய கணக்கு அது. விமானத்தின் சொல்லை விமானத்தைக் கேளாமலே சரிபார்க்கும் சாட்சி இதுவேயாம்.

தெமோதரையில் ஒரு செவி, பதுளையில் ஒன்று, அப்புத்தளையில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று என நம் பாடசாலைகள் நான்கு கைகோத்தால், மாணவர் விளையாட்டாகத் தொடங்கும் வேலை மெய்யான அறிவியலாகும். விமானங்களைக் காக்கும் பொறுப்பு அதற்குரியோரிடமே இருக்கும். எனினும் ஒருவர் கூற்றை நால்வர் நின்று அளந்து பார்க்கும் பழக்கம் இளமையிலேயே படிந்துவிடுமானால், அது நம் பிள்ளைகளுக்கு வானத்தை விடப் பெரிய பேறன்றோ!