அணியில் இல்லாத குழந்தைக்கும் ஒரு மைதானம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் பாடவேளை அட்டவணையில் உடற்கல்விக்கு இடம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் ‘பி.டி. பீரியட்’ என்று ஆவலோடு எதிர்பார்த்திருக்கும் அந்த வேளை, தேர்வு நெருங்கும்போதும் பாடம் முடியாமல் இழுக்கும்போதும் கணக்குக்கோ அறிவியலுக்கோ கைமாறிவிடுவது, பல பள்ளிகளில் எவரும் குறையாகக் கருதாத வழக்கமாக நிலைத்துவிட்டது. அந்த வேளையைக் கடன் வாங்க வேண்டாம் என்று மாநில விளையாட்டுத் துறை அமைச்சரே ஆசிரியர்களை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது என்றால், அவ்வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது விளங்கும். உடற்கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் புதிய சட்டம் ஒன்று தேவை என்பதாகவே பேச்சு தொடங்குகிறது. சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது என்பதையும், அது எத்தனை தாழ்ந்த குரலில் பேசியிருக்கிறது என்பதையும் முதலில் கவனிக்க வேண்டும்.

ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குழந்தையின் உடல், மன ஆற்றல்கள் இயன்ற முழு அளவுக்கு வளரும்படி பாடத்திட்டம் அமைய வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் இணைப்புப் பட்டியல், அதாவது ஒரு பள்ளிக்கு இருந்தே தீர வேண்டிய குறைந்தபட்ச வசதிகளைச் சொல்லும் பகுதி, விளையாட்டு மைதானத்தையும் ஒவ்வொரு வகுப்புக்கும் வேண்டிய விளையாட்டுக் கருவிகளையும் குறிப்பிடுகிறது. ஆசிரியர் என்று வரும்போதுதான் குரல் தாழ்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், அதுவும் மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால், ஓவியம், உடல்நலமும் உடற்கல்வியும், பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அப்படி ஓர் ஆசிரியரைப் பற்றிய பேச்சே இல்லை. ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல் ஆகிய அடிப்படை அசைவுகளை உடல் மிக எளிதாகக் கற்றுக்கொள்ளும் வயதில் குழந்தைக்கு அவற்றைச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று சட்டம் நினைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

இந்த ஏற்பாட்டின்படி தமிழ்நாட்டில் 2012-இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் ₹5,000 தொகுப்பூதியத்தில், வாரத்தில் மூன்று அரை நாள்கள் மட்டும் பணிபுரியும் வகையில் நியமிக்கப்பட்டனர். அவர்களில் உடற்கல்விக்கென வந்தவர்களும் அடங்குவர். ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்தாலும், பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருவது ஊரறிந்த செய்தி. அரை நாள் மட்டும் பள்ளியில் இருக்கும் ஒருவரால், எந்த மாணவிக்கு ஓடினால் மூச்சிரைக்கிறது, எந்த மாணவனுக்குப் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதையெல்லாம் எப்படி அறிந்துகொள்ள முடியும்? பாடத்தின் மதிப்பு அதைக் கற்பிப்பவருக்குத் தரப்படும் மதிப்பில்தான் முதலில் வெளிப்படுகிறது.

மைதானத்தின் கதையும் இதற்கு மாறானதில்லை. அரியானா மாநிலத்தில் பள்ளிக்கு உரிய நிலம் ஆக்கிரமிக்கப்பட்டது தொடர்பான வழக்கில், மைதானம் இல்லாமல் பள்ளி இருக்க முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நகரங்களிலோ, வகுப்பறைக் கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் எஞ்சிய வெற்றிடமே மைதானம் என்று கணக்கில் எழுதப்படுவதுண்டு. ஆனால் கபடிக்கும் கோகோவுக்கும் வளையப்பந்துக்கும் பெரிய நிலம் தேவையில்லை என்பதால், இடம் இல்லை என்ற காரணம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது.

சென்னை நகரம் உடற்கல்வித் துறையில் மற்ற எவர்க்கும் முன்னே நடந்தது என்பதை நினைக்கும்போது இன்றைய நிலை கூடுதலாக உறுத்துகிறது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை இங்குத் தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியுடன் சென்றவரும் அவரே. உடற்பயிற்சி என்றால் வரிசையில் நிறுத்திக் கட்டளைக்குக் கைகால் அசைக்கும் ‘டிரில்’ என்றிருந்த காலத்தில், விளையாட்டின் வழியாகக் கற்பித்தலை ஒரு தொழிற்பயிற்சியாக வளர்த்தெடுத்து, நாட்டின் பல பகுதிகளுக்கும் ஆசிரியர்களை அனுப்பியது அக்கல்லூரி. உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென்று தனிப் பல்கலைக்கழகம் ஒன்றை 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமைத்ததும் தமிழ்நாடே. பயிற்சி பெற்றவர்களை உருவாக்குவதில் குறையில்லை. அவர்கள் நிற்க வேண்டிய பள்ளிகளில் முழுநேர இடங்கள் போதுமான அளவுக்கு இல்லை என்பதே குறை.

பள்ளி உடல்நலப் பணிக்கும் நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை முதன்முதலில் 1909-இல் பரோடாவில் நடந்தது. இடைநிலைக் கல்வியை ஆராய 1952-இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், அவர் கல்வியாளர் மட்டுமல்லர், மகப்பேறு மருத்துவரும்கூட. மாணவர்களின் உடல்நலத்துக்கென்று அவருடைய குழு தன் அறிக்கையில் தனி அத்தியாயம் ஒதுக்கி, மருத்துவப் பரிசோதனையையும் உடற்கல்வியையும் ஒரே பொருளின் இரு பகுதிகளாகப் பார்த்தது. பின்வந்த நிர்வாகம் அவற்றைப் பிரித்து, ஒன்றைச் சுகாதாரத் துறையிடமும் மற்றொன்றைக் கல்வித் துறையிடமும் ஒப்படைத்துவிட்டதால் ஏற்பட்ட இழப்பு இன்றுவரை தொடர்கிறது.

வளரும் உடலுக்கு என்ன தேவை என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது, மூச்சின் வேகமும் இதயத் துடிப்பும் கூடும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கடும் அசைவுகள் வாரத்தில் மூன்று நாள்களாவது இதில் சேர வேண்டும். அந்நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட உலகளாவிய கணக்கின்படி, 11 முதல் 17 வயதுடைய மாணவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. உயரம் மிக விரைவாகக் கூடும் கட்டத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில், வளர்ந்தவரின் எலும்புத் தாதுவில் ஏறத்தாழக் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. அந்தக் கட்டம் பெண் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண் குழந்தைகளுக்குப் பதினான்கு வயதை ஒட்டியும் வருவதால், அது முழுவதும் பள்ளிக்காலத்துக்குள்ளேயே கடந்துபோகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு கண்டது. அந்நோய்க்கு வழிவகுக்கும் அசையாப் பழக்கம் நாற்பது வயதில் திடீரென்று வந்து ஒட்டிக்கொள்வதில்லை.

மைதானத்தால் கண்ணுக்கும் நன்மை உண்டு என்பது பெற்றோர் பலரும் கேள்விப்படாத செய்தி. தொலைவிலுள்ளது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை, கண்விழி முன்பின்னாக அளவுக்கு மீறி நீள்வதால் வருவது. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து அந்த நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சீனாவின் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு பள்ளி நாளிலும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளியில் செலவிடும் வேளையைச் சேர்த்து மூன்று ஆண்டுகள் கவனித்தபோது, அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் அது 39.5 விழுக்காடு. மாணவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டத்தைத் தமிழக அரசு 2009-இல் தொடங்கியது; பயனுள்ள பணிதான். ஆயினும் பி.டி. வேளையைப் பறித்துக் குழந்தைகளை அறைக்குள் அடைத்துவிட்டு, அவர்களுக்கே கண்ணாடி வழங்குவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதாகிவிடும்.

மதிப்பெண் குறைந்துவிடும் என்ற அச்சமே பெற்றோரையும் தலைமையாசிரியர்களையும் தடுத்து நிறுத்துகிறது. இந்த அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது, ஏனெனில் அரசுப் பள்ளியில் படிக்கும் ஏழை மாணவருக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண் ஒன்றுதான் கைக்கு எட்டும் ஏணி. ஆனால் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் துருவா ரிவியேர் பகுதியிலுள்ள தொடக்கப் பள்ளிகளில் 1970-களில் நடந்த ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு ஒரு மணிநேர உடற்கல்வி சேர்க்கப்பட்டதால் மற்றப் பாடங்களுக்கான நேரம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தது. ஆனாலும் அக்குழந்தைகளின் கல்வித் தேர்ச்சி மற்றவர்களைவிடத் தாழவில்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2010-இல் ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பள்ளி உடலியக்கத்துக்கும் படிப்புக்கும் இடையே காணப்பட்ட தொடர்புகளில் ஏறத்தாழப் பாதி நன்மை பயப்பனவாகவும், மீதியில் பெரும்பகுதி எவ்வகை விளைவும் அற்றனவாகவும் இருந்தன, தீங்கானவை 1.5 விழுக்காடு மட்டுமே. விளையாடினால் மதிப்பெண் ஏறும் என்று எவரும் உறுதி சொல்லிவிட முடியாது, ஆனால் விளையாட்டுக்கு நேரம் கொடுத்ததால் மதிப்பெண் சரிந்தது என்றும் காட்ட முடியாது.

உடல்நலத் திட்டங்களைப் பொறுத்தவரை, காகிதத்தில் குறை காண்பது கடினம். பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடிக் கண்டறிய 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் பள்ளியிலேயே தரப்படுகின்றன. இத்தனைக்குப் பிறகும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினரும் அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையோராயிருந்தனர். இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் குறைந்திருப்பதே இரத்தசோகை. வகுப்பறையில் அமர்ந்திருக்கும்போது அது வெளித்தெரியாது, மைதானத்தை ஒருமுறை சுற்றி ஓடினால் தெரிந்துவிடும். ஆஸ்துமாவும் சில இதயக் கோளாறுகளும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒரு நாள் வரும் மருத்துவக் குழுவின் கண்ணுக்குத் தப்புவதை, வாரம் நான்கு முறை அதே பிள்ளைகளை ஓடவைத்துப் பார்க்கும் உடற்கல்வி ஆசிரியரின் கண் பிடித்துவிடும். ஆனால் அவர் கண்டதை மருத்துவக் குழுவிடம் எழுதிச் சேர்க்க முறையான வழி அமைய வேண்டும். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்க 2020-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில், அந்த இருவரில் ஒருவராக உடற்கல்வி ஆசிரியரையே வைப்பது இதற்கு எளிய தொடக்கமாக அமையும். சத்தின்றி வந்த குழந்தையை ஓடச் சொல்வதும் தவறு. அவ்வகையில் மதிய உணவோடு 2022 முதல் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டமும் உடற்கல்விக்கு அடித்தளமாகவே கருதத் தக்கது.

பெண் குழந்தைகள் பூப்பெய்தும் வயதில் மைதானத்திலிருந்து மெல்ல மறைவது தனியே பேச வேண்டியது. சுடிதாரும் துப்பட்டாவும் அணிந்து ஓடுவதன் இடர்ப்பாடு, நீர் வராத கழிப்பறை, மாதவிடாய் நாள்களைப் பற்றி ஆண் ஆசிரியரிடம் சொல்லத் தயக்கம், சாலையில் நின்று பார்ப்பவர்களின் கண்கள் ஆகியவை சேர்ந்துதான் அவர்களை மரத்தடியில் உட்கார வைக்கின்றன. அதை ஆர்வக் குறைவு என்று பதிவேட்டில் எழுதுவது அநீதி. வளரிளம் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. விளையாட்டு உடையும் பெண் உடற்கல்வி ஆசிரியரும் அதனோடு சேரும்போதுதான் கட்டாயம் என்ற சொல் பெண் குழந்தைக்கும் பொருந்தும்.

இன்றைய நடைமுறையில் ஒரு பள்ளியின் உடற்கல்வி பெரும்பாலும் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளில் வென்ற கோப்பைகளைக் கொண்டே மதிப்பிடப்படுவதால், ஆசிரியரின் உழைப்பு இருபது முப்பது பேர் மீதே குவிகிறது. மற்ற சில நூறு பேர் கைதட்டுவதற்காக வரிசையில் நிற்கிறார்கள். திறமையுள்ளோரைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது வேறு, எல்லோருக்கும் கற்பிப்பது வேறு. கட்டாயப் பாடம் என்பது இரண்டாவதையே குறிக்கும். பருமனான பிள்ளையையும் காலில் குறையுள்ள பிள்ளையையும் பிறரோடு ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் தேர்வுகள் அவர்களை விளையாட்டிலிருந்தே விரட்டிவிடும். ஆகவே அளப்பதானால், அதே குழந்தை சென்ற பருவத்தில் இருந்த நிலையோடு இந்தப் பருவத்து நிலையை ஒப்பிட்டு அளக்க வேண்டும்; பள்ளியை ஆய்வு செய்ய வரும் கல்வி அலுவலரும் எந்த அணியிலும் இல்லாத மாணவர்கள் வாரத்தில் எத்தனை வேளை மைதானத்தில் இருந்தார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

தொடக்கப் பள்ளிகளுக்குத் தனி ஆசிரியர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நாற்பது வயதுக்கு உட்பட்ட எல்லா ஆசிரியர்களும் மாணவர்களின் உடற்பயிற்சிகளில் தாமும் பங்கேற்க வேண்டும் என்று முதலியார் குழு அன்றே பரிந்துரைத்தது. இரண்டே ஆசிரியர்கள் பணிபுரியும் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகள் பல உள்ள இம்மாநிலத்தில், வகுப்பாசிரியருக்கான பயிற்சியில் சிறுவர் விளையாட்டுகளையும் முதலுதவியையும் கட்டாயப் பகுதியாக்கினால், அடுத்த கல்வியாண்டிலேயே அப்பள்ளிகளில் நாளுக்கு அரை மணிநேரம் மைதானத்தில் கழிய வழி பிறக்கும்.