பலிபீடத்துக்கு அப்பால்

மாஹிம் புனித மிக்கேல் தேவாலயத்தில் புதன்கிழமை என்றால் காலையிலிருந்தே கூட்டம். 1948-லிருந்து தொடரும் நவநாள் ஜெபம். தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வருகிற தமிழர்களில் இந்துக்களும் உண்டு. சொந்த வீடு கேட்பவர்கள் மெழுகில் வார்த்த வீட்டையும், கால்வலி தீர வேண்டுபவர்கள் மெழுகுக் காலையும் மாதாவின் முன் வைக்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேட்டு முடித்து வாசலைத் தாண்டிய பிறகு விசுவாசத்துக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியோடு வாழ்ந்த ஒரு தமிழ்ப் பாதிரியார், மாஹிம் கழிமுகத்துக்கு அக்கரையில், பாந்த்ராவின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் 2021 ஜூலை 5-ம் தேதி உயிர் நீத்தார். வயது 84. அப்போது அவர் விசாரணைக் கைதி.

ஸ்டான் சுவாமி என்று நாடு அறிந்த ஸ்தனிஸ்லாஸ் லூர்துசாமி, திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். 20 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்தார். அதோடு நிறைவடைந்திருக்கலாம். பிற்பாடு ஜார்கண்டின் ஆதிவாசிகளிடையே போய்த் தங்கிவிட்டார். அங்கே அவர் செய்தது மதம் பரப்பும் வேலையல்ல. அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணை என்ன சொல்கிறது, 1996-ல் வந்த பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டப்படி கிராம சபைக்கு என்ன அதிகாரம், சுரங்கத்துக்கு நிலம் கேட்டு வந்தால் யாரைக் கேட்க வேண்டும் - இவைதான் அவர் எடுத்த பாடங்கள். ராஞ்சி அருகே அவர் தொடங்கிய 'பகைச்சா' மையத்திலிருந்து, நக்சல்கள் என்று பிடிக்கப்பட்ட 102 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெரும்பாலோருக்கு அந்த இயக்கத்தோடு தொடர்பே இல்லை என்றது அறிக்கை. ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்களுக்காக 2017-ல் ஜார்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார்.

பாதிரியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு, திருச்சபைக்குள்ளேயே உண்டு. நற்செய்தியில் பசித்தவனையும் சிறைப்பட்டவனையும் பற்றி வரும் பகுதியை அவர்கள் எப்படிப் படிக்கிறார்களோ.

2020 அக்டோபர் 8-ம் தேதி தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. பீமா கோரேகான் வழக்கு; சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். பீமா கோரேகானுக்குத் தாம் போனதே இல்லை என்றார்.

அடைக்கப்பட்டது நவி மும்பையின் தலோஜா சிறையில். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது. உறிஞ்சு குழலும் மூடி போட்ட குவளையும் கேட்டு நீதிமன்றம் போனார். பதில் சொல்லவே முகமை இருபது நாள் அவகாசம் கேட்டது. பிறகு, அப்படி எதையும் தாங்கள் எடுத்து வரவில்லை என்றது. ஒரு குவளைக்கு இத்தனை நாள்!

சிறையில் அவருக்குக் காலையும் மதியமும் சாப்பிட உதவியவர் அருண் ஃபெரைரா. குளிக்க உதவியவர் வெர்னன் கோன்சால்வெஸ். இருவரும் அதே வழக்கில் கைதானவர்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் துணி துவைக்கவும் முழங்காலைப் பிடித்துவிடவும் அறையிலிருந்த இரண்டு ஏழைக் கைதிகள். நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் நன்றியோடு சொல்லி, அந்த இருவரையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார்.

2021 மார்ச்சில் ஜாமீன் மறுக்கப்பட்டது. மே மாதக் கடைசியில்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே கோவிட் இருப்பது தெரிந்தது. ஜூலை 6-ம் தேதி பாந்த்ரா புனித பேதுரு தேவாலயத்தில் கோவிட் கட்டுப்பாடுகளுக்கிடையே திருப்பலி நடந்தது. உடல் தகனம் செய்யப்பட்டது.

அவருடைய கணினியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஆர்சனல் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. வழக்கின் விசாரணை நடந்து முடிவதற்கு முன்பே போய்விட்டதால், குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ அவரைப் பற்றித் தீர்ப்பு இல்லை. ஜாமீன் மறுத்த உத்தரவின் வாசகங்கள் மட்டும் ஏட்டில் நிற்கின்றன. அவற்றை நீக்கி அவர் பெயரைத் துடைக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் படியேறியவர் இன்னொரு இயேசு சபைக் குரு, செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியின் முன்னாள் முதல்வர் ஃப்ரேசர் மஸ்கரேனாஸ்.