பாட்டுக்குள் நடித்த சந்திரபாபு

தமிழில் பேசும் படம் வந்த 1931 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், கதாநாயகன் என்றால் பாடத் தெரிந்தவன் என்றே பொருள். தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் குரலால் அரசாண்டார்கள். பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதும் பாடுபவர் வேறு, நடிப்பவர் வேறு என்றானது. அந்தப் பிரிவினைக்குப் பிறகும், தன் பாட்டைத் தானே பாடி ஆடி நடித்துப் புகழின் உச்சிக்குப் போனவர் ஜே. பி. சந்திரபாபு. தமிழ்ப் பாட்டுக்கு அவர் கொண்டுவந்து சேர்த்ததோ மேற்கத்திய இசை.

1927 ஆகஸ்ட் 5 அன்று தூத்துக்குடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ரோட்ரிகஸ் விடுதலைப் போராட்ட வீரர். அதன் விளைவாகக் குடும்பம் நாடு கடத்தப்பட்டு இலங்கைக்குச் செல்ல நேர்ந்தது. சந்திரபாபு வளர்ந்ததும் படித்ததும் கொழும்பில். அது உலகெங்கிலிருந்தும் கப்பல்கள் வந்து போகும் துறைமுக நகரம். கிறிஸ்தவ ஆலய இசை, போர்த்துக்கீசியர் வழிவந்த பைலா, ஆங்கில நடனப் பாடல்கள் என்று எல்லாம் கலந்து ஒலித்த ஊர். 1940களில் சென்னைக்கு வந்த இளைஞர், 1947இல் ‘தன அமராவதி’ படத்தில் திரையில் தோன்றினார்.

அவருடைய குரல் கவனம் பெற்றதற்கு ஒரு நல்ல சான்று 1954இல் வந்த ஏவி.எம்.மின் ‘பெண்’. அதில் நடித்த வீணை எஸ். பாலசந்தருக்குத் திருமணத்தைப் பற்றிய துள்ளலான பாட்டொன்றைப் பின்னணியில் பாடியவர் சந்திரபாபு. கர்நாடக இசை மேதை ஒருவர் திரையில் வாயசைக்க, ஒலித்தது மேற்கத்திய பாணியில் ஊறிய குரல்.

அந்தப் பாணியின் சிறப்புக்கூறு யோடலிங். நெஞ்சிலிருந்து எழும் கனமான குரலுக்கும், மேலே மெலிந்து ஒலிக்கும் பொய்க்குரலுக்கும் இடையே சட்டென்று தாவித் தாவிப் பாடுவது அது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பிறந்து அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களின் வழியே உலகெங்கும் பரவியது. குரல் மாறும் இடம் தெரியாமல் இழைத்துப் பாடுவதே பொதுவாகப் பாடகர்களின் பயிற்சி. யோடலிங்கிலோ அந்தத் தாவலே அழகு. அதைத் தமிழ்ச் சொற்களின் ஓசை கெடாமல் பாடிக் காட்டியது சந்திரபாபுவின் சாதனை.

1957 முதல் 1962 வரை அவருடைய பொற்காலம். ‘புதையல்’ படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகள், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. ‘மரகதம்’ படத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் ஜமுனாராணியுடன் பாடிய ஜோடிப் பாடல். ‘சகோதரி’யில் பால்காரராக வந்து சிரிக்க வைத்தார். கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’, ஏவி.எம்.மின் ‘அன்னை’ ஆகிய படங்களில் அவர் பாடிய தத்துவப் பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. 1958இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடம். அதில் ரிக்‌ஷாக்காரராக அவர் பேசிய சென்னைத் தமிழ் பின்னால் வந்த நகைச்சுவை நடிகர்களுக்குப் பாடமாயிற்று.

இந்தப் பாடல்களைக் கேட்டால் ஒன்று புலப்படும். ஒரு சொல்லை இழுப்பது, இன்னொன்றைக் கடித்துத் துப்புவது, நடுவில் ஒரு சிரிப்பு, ஒரு விம்மல் என்று அவர் குரலே நடிக்கிறது. திரையைப் பார்க்காமலேயே கதாபாத்திரத்தின் முகம் தெரிகிறது.

உலகின் பிற இடங்களிலும் அதே காலத்தில் இத்தகையோர் இருந்தார்கள். இந்தியில் கிஷோர் குமார் யோடலிங்கும் நகைச்சுவையுமாகக் கலக்கினார். ஜப்பானில் ‘கிரேஸி கேட்ஸ்’ இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஹிதோஷி உவேகி, 1961இல் வெளியான ‘சூதரா புஷி’ என்ற வேடிக்கைப் பாட்டால் நாடெங்கும் பெயர் பெற்று, மறு ஆண்டே திரையில் நாயகனானார். மேற்கத்திய இசையை உள்ளூர்ச் சிரிப்போடு கலந்து, தாமே பாடி நடித்ததில் மூவரும் ஒரே வழியில் நடந்தவர்கள்.

கிஷோர் குமாரைப் போலவே சந்திரபாபுவும் சிரிப்புக்கு அப்பால் போக விரும்பினார். 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தைத் தானே இயக்கி, கனமான வேடத்தில் நடித்தார். படம் வெற்றி பெறவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. கடன் சூழ்ந்தது, மது உடலைக் கெடுத்தது. 1969இல் ‘அடிமைப் பெண்’ போன்ற படங்களில் நடித்தாலும் பழைய இடம் திரும்பவில்லை. 1974 மார்ச் 8 அன்று, 46 வயதில் காலமானார்.

தமிழ்த் திரையிசையில் மேற்கத்திய பாணி இன்று அன்றாட வழக்கம். மேடைகளில் அவர் பாடல்களை எடுத்துப் பாடாத மெல்லிசைக் குழு அரிது. நகைச்சுவை நடிகர் என்ற பட்டத்தோடு அவரை நிறுத்திவிடுவது நியாயமல்ல. தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதுபவர்கள் இசைக்கலைஞர் வரிசையிலும் அவர் பெயரைச் சேர்த்தாக வேண்டும்.