பணம் கைமாறாத பாலியல் தொழிலும் சட்டமும்

பாலியல் சேவைக்கு ஈடாக ரொக்கம் தராமல் தங்க இடம், உணவு, துணிமணி, போதைப்பொருள் போன்றவற்றைத் தந்தால் அது சட்டப்படி விபசாரம் ஆகாது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால் பல நாடுகளின் சட்டங்கள் கொடுக்கப்பட்டது பணமா பொருளா என்று பிரித்துப் பார்க்காமல், ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகப் பேசி வைக்கப்பட்டதா என்றே பார்க்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தண்டனைச் சட்டம் பணத்தோடு 'வேறு மறுபயனையும்' சேர்த்தே சொல்கிறது. மறுபயன் என்பது ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு செய்வதற்கு ஈடாக மறுதரப்பு தரும் எதையும் குறிக்கும் சட்டச் சொல். காதலர் தரும் பரிசு இதில் அடங்காமல் போவது, அங்கே அத்தகைய பேரம் எதுவும் இல்லை என்பதால்தான்.

இதை விரிவாக வரையறுத்திருப்பது இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2003-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம். அதன் 51-ஆம் பிரிவின்படி எந்தப் பொருளாதார ஆதாயமும் 'கட்டணம்' ஆகும். கடனைத் தள்ளுபடி செய்வதும், பொருளையோ சேவையையோ இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தருவதும் அதில் அடங்கும் என்பதால், வாடகையில் பாதியைக் குறைத்துக்கொள்வதும் கட்டணமே. அங்கே பாலியல் சேவையை விற்பது தன்னளவில் குற்றமல்ல. ஆனால் ஆதாயத்துக்காக ஒருவரை அத்தொழிலில் இறங்கத் தூண்டுவது குற்றம், அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும், வாடகைக்குப் பதிலாகப் பாலுறவு கேட்டு இணையத்தில் விளம்பரம் செய்த வீட்டு உரிமையாளர்களில் முதலாமவர் மீது 2021-இல்தான் வழக்குத் தொடரப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு மறு ஆண்டில் சிறைத்தண்டனை கிடைத்தது. குறித்துவைத்த எண்ணுள்ள நோட்டுகளோடு ஆளனுப்பிப் பிடிக்கும் பழைய முறை இங்கே உதவாது என்பதும், விளம்பர வாசகத்தையும் குறுஞ்செய்திகளையும் கொண்டே பேரத்தை நிறுவ வேண்டும் என்பதும் இவ்வகை வழக்குகளுக்கு உள்ள இடர்கள். அதைவிடப் பெரிய தடை வரையறையிலேயே இருந்தது: உரிமையாளரைத் தண்டிக்க வேண்டுமானால், ஒண்ட இடமின்றி அவரிடம் வந்த பெண்ணைச் சட்டம் 'விபசாரி' என்ற சொல்லுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓட்டையை அடைக்க விரித்த வலை, புகார் தர வேண்டியவர் மீதே விழுந்தது எனலாம். அந்தப் பெயரைச் சுமக்கத் துணிந்து காவல் நிலையம் செல்லும் மாணவியரோ வேலை இழந்தோரோ எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்தியாவில் விபசாரம் தொடர்பான 1956-ஆம் ஆண்டுச் சட்டம் 'பணமாகவோ பொருளாகவோ' கூலி பெறுவதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொற்களை நீக்கி, 'வணிக நோக்கில் நடைபெறும் பாலியல் சுரண்டல்' என்று விபசாரத்தை மறுவரையறை செய்ததே தவிர, வணிக நோக்கம் எது என்று விளக்கவில்லை. சுரண்டப்படுபவர் மீதிருந்து சுரண்டுபவர் மீது பார்வையைத் திருப்பிய வகையில் இது நல்ல மாற்றமே. எனினும் ஒரேயொரு வீட்டு உரிமையாளரும் குடியிருக்கும் ஒரு பெண்ணும் மட்டுமே உள்ள ஏற்பாட்டில் வணிகம் உண்டா என்பதை, அந்தந்த வழக்கின் உண்மைகளைக் கொண்டு நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.