தொலைந்தது சாவியா, சேமிப்பா?



அலமாரிச் சாவி தொலைந்தால் நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கடைவீதியில் அரத்துடன் அமர்ந்திருக்கும் சாவி செய்பவரிடம் பூட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். சிறு தொகையில், அரை மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தில் ஊறிப்போன நாம், கார் சாவியையும் அதே கணக்கில் வைத்துப் பார்க்கிறோம். ஆனால், இன்றைய கார் சாவி பெயரளவில்தான் சாவி. அதன் விலை ஆயிரங்களில் இருக்கிறது என்பது, அது தொலைந்துபோகும் நாளில்தான் நம்மில் பலருக்குத் தெரிய வருகிறது.

"இந்த இரும்புத் துண்டுக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் இவ்வளவு பணமா?" என்று அப்போது மனம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் நியாயமும் உண்டு, அறியாமையும் உண்டு. எந்தச் செலவு தவிர்க்க முடியாதது, எந்தச் செலவு நம் கவனக் குறைவால் வருவது என்று பிரித்தறிந்துகொண்டால், குடும்பத்தின் சேமிப்பில் ஒரு பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். உரிமையாளர் வளைகுடா நாட்டில் பணியில் இருக்க, வாகனம் ஊரில் பெண்கள், பெரியவர்களின் பொறுப்பில் நிற்கும் இல்லங்களுக்கு இந்த விவரம் மிகவும் தேவையானது.

சாவிக்குள் இருப்பது என்ன?

இன்றைய ரிமோட் சாவிக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது, பூட்டில் நுழையும் உலோக அலகு. இரண்டாவது, கதவைத் தொலைவிலிருந்து திறக்கவும் பூட்டவும் உதவும் சிறு வானொலிக் கருவி. பொத்தானை அழுத்தியதும் இது காருக்குச் செய்தி அனுப்புகிறது. சிறு பட்டன் செல்லில் இயங்குவதும் இதுவே. மூன்றாவது, வெளியே தெரியாத ஒரு சிறு சிப். இதற்கு செல் தேவையில்லை. சாவியை இக்னிஷனில் நுழைத்ததும், அங்கே சுற்றப்பட்டிருக்கும் கம்பிச்சுருள் இந்தச் சிப்புக்குச் சக்தியூட்டுகிறது. சிப் தன் ரகசிய அடையாளத்தைத் தெரிவிக்கிறது. கார் அந்த அடையாளத்தை ஏற்றுக்கொண்டால்தான் எஞ்சின் இயங்கும். இந்தக் காவல் ஏற்பாட்டுக்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர். அலகை அச்சுப் பிசகாமல் வெட்டிவிட்டாலும், சிப் இல்லாவிட்டால் கதவைத் திறக்கலாமே தவிர காரை ஓட்ட முடியாது.

பட்டன் ஸ்டார்ட் கார்களில் சாவியை நுழைக்கவே வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருந்தால் போதும்; காரும் சாவியும் தமக்குள் வானொலி அலைகளால் பேசிக்கொள்கின்றன. இந்த வசதி இப்போது ஸ்கூட்டருக்கும் வந்துவிட்டது. ஹோண்டா நிறுவனம் ஆக்டிவாவின் 'எச்-ஸ்மார்ட்' வகையை 2023 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் வசதி 1982ஆம் ஆண்டிலேயே பிரான்ஸின் ரெனோ ஃபுயேகோ காரில் இடம்பெற்றது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1986ஆம் ஆண்டு கார்வெட் காரின் சாவியில் மின்தடைத் துண்டு ஒன்றைப் பதித்தது. அதில் 15 அளவுகளே இருந்தமையால், முயன்று பார்ப்பவனுக்கு அது பெரிய தடையாக இல்லை. பின்னர்தான் ரகசிய எண் கொண்ட சிப் வந்தது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமாக்கப்பட்டது. இந்த ஏற்பாடு பரவியபின் கார் திருட்டு கணிசமாகக் குறைந்தது. நாம் சாவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், ஒருவகையில் அந்தப் பாதுகாப்புக்கான விலையே.

செலவு எங்கெல்லாம் சேர்கிறது?

புதிய சாவிக்கு நாம் கொடுக்கும் தொகையில் பல இனங்கள் உள்ளன. சாவியின் விலை, அலகை வெட்டும் கூலி, புதிய சிப்பைக் காரின் கணினியில் பதிவு செய்யும் கட்டணம், இவற்றின்மேல் வரி என அது வளர்கிறது. சிப் இல்லாத பழைய சாவிக்கு நகல் எடுக்க நூறு, இருநூறு ரூபாயில் காரியம் முடிந்துவிடலாம். சிறிய காரின் ரிமோட் சாவிக்குச் சில ஆயிரங்கள் ஆகும். பட்டன் ஸ்டார்ட் வண்டியின் சாவி பத்தாயிரத்தைத் தாண்டுவது உண்டு. இறக்குமதிச் சொகுசுக் கார்களுக்கோ இது அரை லட்சத்தையும் எட்டக்கூடும்.

இங்கே வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கையில் ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்று செய்வது வேறு. எல்லாச் சாவிகளும் தொலைந்தபின் செய்வது வேறு. ஒரு சாவி இருந்தால் காரை நாமே ஓட்டிச் சென்று, புதிய சாவியை அதனுடன் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். ஒன்றுகூட இல்லையென்றால், காரை இழுவை வண்டியில் ஏற்ற வேண்டும் அல்லது தொழில்நுட்பம் அறிந்தவரை அது நிற்கும் இடத்திற்கு அழைக்க வேண்டும். சில வண்டிகளில் பூட்டுத் தொகுதியையும் மின்னணுப் பெட்டியையும் சேர்த்து மாற்றும் நிலைகூட ஏற்படும். அப்போது செலவு பல மடங்காகிவிடும். முதல் சாவி தொலைந்த அன்றே விழித்துக்கொள்பவர் ஒரு சாவிக்கான பணத்தைக் கொடுக்கிறார். 'இன்னொன்று இருக்கிறதே' என்று காலம் கடத்துபவர் அதனினும் பெரிய தொகைக்குத் தம்மை ஆளாக்கிக்கொள்கிறார்.

இரண்டாவது சாவி எப்போதும் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். உலகெங்கும் சிப் தட்டுப்பாடு நிலவிய 2022ஆம் ஆண்டில், ஜப்பானில் டொயோட்டா நிறுவனமே சில புதிய கார்களுக்கு இரண்டு மின்னணுச் சாவிகளுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் கொடுத்து, மற்றொன்றைச் சாதாரண உலோகச் சாவியாகக் கொடுத்தது.

கம்பெனியா, கடைவீதியா?

ஷோரூமில் விலை கூடுதல். காத்திருக்கும் நாள்களும் கூடுதல். ஆர்.சி. புத்தகம், உரிமையாளரின் அடையாளச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். இதனை அலைக்கழிப்பு என்று எண்ணக் கூடாது. யார் கேட்டாலும் சாவி செய்து கொடுத்துவிட்டால் நம் வண்டிக்கு ஏது பாதுகாப்பு? உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், அவருடைய அதிகாரக் கடிதத்தையும் அடையாளச் சான்றின் நகலையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது, வீட்டில் இருப்பவர்களின் அலைச்சலைக் குறைக்கும்.

சிப் பதிவு செய்யும் கருவி வைத்திருக்கும் சாவி நிபுணர்கள் இன்று பல நகரங்களில் உள்ளனர். பலவகைக் கார்களுக்கு அவர்கள் ஷோரூமைவிடக் குறைந்த கூலியில் வேலையை முடித்துத் தருகிறார்கள். ஆனால் சில நிபந்தனைகளுடன்தான் அவர்களிடம் போக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டுப் பார்ப்பவரா என்று கவனியுங்கள். கேட்காமலே செய்து தருபவர் நாளை உங்கள் வண்டிக்கும் பிறருக்குச் செய்து தருவார். பதிவு நடக்கும்போது உடன் இருங்கள். ரசீதும், உழைக்கும் காலத்திற்கான உத்தரவாதமும் பெறுங்கள். நாணயமான தொழிலாளியிடம் சாவியைக் கொடுப்பது, அமானிதப் பொருளை நம்பிக்கையானவரிடம் ஒப்படைப்பதற்குச் சமம்.

வளைகுடாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ மலிவாகக் கிடைக்கிறதென்று ரிமோட்டை வரவழைப்பவர்களும் உண்டு. உருவம் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது பொருந்திவிடாது. நம் நாட்டுக் கார்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அமெரிக்கக் கார்களில் 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கம். சிப்பின் வகையும் மாறுபடும். ஒரு காருக்குப் பதிவான சாவிகளில் பல வகைகள் மறுமுறை வேறொரு காருக்குப் பதிவாகா. வாங்குமுன் பழைய சாவியின் பாக எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

கெட்டது சாவியா, செல்லா?

புதிய சாவிக்குப் பணம் எடுக்குமுன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ரிமோட் அருகில் சென்றால் மட்டும் வேலை செய்கிறது, இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்றால், பெரும்பாலும் செல் தீர்ந்துவருகிறது என்றே பொருள். மூடியைத் திறந்தால் செல்லின் மீது எண் இருக்கும். சி.ஆர். 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சி.ஆர். 1620 என்றால் 16 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர். இரண்டும் 3 வோல்ட்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. அதே எண்ணுள்ள செல்லைக் கடிகாரக் கடையிலேயே சிறு தொகைக்கு வாங்கிவிடலாம். சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் செல்லை வைப்பது மிக முக்கியம். விழுங்கிவிட்டால் தொண்டையை அரித்து உயிருக்கே ஆபத்தாகும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செல் தீர்ந்துவிட்டால் கார் ஓடாது என்று பதறவும் வேண்டாம். சிப்புக்குச் செல் தேவையில்லை என்று மேலே கண்டோம். உலோக அலகால் கதவைத் திறந்து, வழக்கம்போல் ஓட்டலாம். பட்டன் ஸ்டார்ட் சாவியின் உள்ளேயும் பெரும்பாலும் ஓர் உலோக அலகு மறைந்திருக்கும். கதவைத் திறந்தபின் சாவியை ஸ்டார்ட் பொத்தானின்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால், பல கார்கள் கிளம்பிவிடும். காருடன் வந்த கையேட்டில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கும்.

மேல் மூடி உடைந்துபோனால் மூடியை மட்டும் மாற்றினால் போதும். முழுச் சாவியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சில சாவிகளில் சிப் என்பது மூடியின் மூலையில் ஒட்டியிருக்கும் சிறு கருநிறத் துண்டு. பழைய மூடியோடு அதைக் குப்பையில் எறிந்துவிட்டால், ரிமோட் வேலை செய்தும் கார் கிளம்பாது. ரிமோட் தண்ணீரில் விழுந்தால் உடனே செல்லைக் கழற்றி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள்.

காப்பீட்டில் கவனம்

வழக்கமான மோட்டார் காப்பீட்டில் சாவி தொலைந்ததற்கு இழப்பீடு கிடைப்பதில்லை. இதற்கெனச் சிறு கூடுதல் பிரீமியத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. புதுப்பிக்கும்போது கேட்டு, எத்தனை முறை, எவ்வளவு தொகைவரை கிடைக்கும் என்பதைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒரு சாவி எப்போதோ தொலைந்து, அதற்கு ஆதாரமும் இல்லையென்றால் இழப்பீடு சிக்கலில் மாட்டிக்கொள்ளும். லட்சங்கள் மதிப்புள்ள உரிமை, நூறு கிராம் சாவியால் கேள்விக்குள்ளாகும். ஆகவே சாவி தொலைந்தவுடன் காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். புதிய சாவி பதிவு செய்யும்போதே, தொலைந்த சாவியின் பதிவை நீக்கச் சொல்லுங்கள். அதன்பின் அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும் அதன் அலகால் கதவை மட்டுமே திறக்க முடியும்; காரை இயக்க முடியாது.

பழைய கார் வாங்குவோருக்கும் இதுவே அறிவுரை. இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் உண்டு என்றால், மற்றொன்று செய்யும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். முந்தைய உரிமையாளர், ஓட்டுநர் எவரிடமும் சாவி மிஞ்சியிருக்காதபடி பழைய பதிவுகளையும் நீக்கிவிடுங்கள்.

பணத்தைவிடப் பெரியது

சாவி காருக்குள் இருக்க, குழந்தையும் உள்ளே இருக்கக் கதவு பூட்டிக்கொண்டால், செலவுக் கணக்கு பார்க்கும் நேரமல்ல அது. வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் முதல் அரை மணி நேரத்திற்குள்ளேயே ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். மாற்றுச் சாவி உடனே கைக்கு வராவிட்டால், குழந்தையிடமிருந்து தள்ளியுள்ள பக்கக் கண்ணாடியை உடைத்துவிடுங்கள். முன்கண்ணாடி எளிதில் உடையாது. கண்ணாடியை மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

வாசகர்களே! இன்றிரவு ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வாகனத்துக்கு எத்தனை சாவிகள் உள்ளன, அவை எங்கே உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது சாவியுடன் வந்த எண் தகட்டைக் கண்டுபிடித்து, சாவிக்கொத்தில் கோக்காமல் ஆவணங்களுடன் தனியே வையுங்கள். மாற்றுச் சாவியை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படையுங்கள். அது இருக்கும் இடத்தை இன்னொருவரும் அறிந்திருக்கட்டும். ஒரு சாவிதான் மிச்சம் என்றால், அடுத்த மாதச் செலவுப் பட்டியலில் இரண்டாவது சாவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.